பதினாறு பேர் பட்டியல்

திருமலைக்கு வாய்தான் பிழைப்பு. இருங்காட்டுக்கோட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனிக்கு ஆள் விடும் காண்ட்ராக்டரிடம் சூப்பர்வைசர். ஆனால் ஆறு வருடமாக அவர் பார்த்தது சமாதானம் பேசும் வேலை. அறையை வாடகைக்கு விட்டவர்களுக்கும் வேலைக்கு வந்த தெற்கத்திப் பையன்களுக்கும் இடையில் பேசுவார். பையன்களுக்கும் கம்பெனிக்கும் இடையில் பேசுவார். ஒருவர் திட்டியதைப் பாதியாக்கித்தான் அடுத்தவரிடம் கொண்டுபோவார். எதிராளி பேசி ஓயும்வரை வாய் திறக்க மாட்டார். வீட்டுக்கு வந்தால் மனைவி மரகதம் என்ன கேட்டாலும் தலையாட்டல்தான்.

2004 பங்குனி உத்திரத்தன்று பதினாறு பேர் வேலைக்கு வரவில்லை. உற்பத்தி லைன் நின்றது. ஊரிலிருந்து திரும்பியவர்களை கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள்.

"இது ஸ்ட்ரைக்" என்றார் பர்சனல் மேனேஜர் இராமச்சந்திரன்.

முக்கால் மணி நேரம் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு திருமலை சொன்னார்: "சார், உத்திரத்துக்கு அவங்க குடும்பத்தோட குலசாமி சாஸ்தா கோயிலுக்குப் போயே ஆவணும். போவலன்னா சாமி குத்தம். ஸ்ட்ரைக்னா இன்னான்னே தெரியாத புள்ளைங்க."

"சொல்லிவெச்ச மாதிரி பதினாறு பேரையும் சாமி கூப்பிட்டுதா?"

இந்தக் கேள்விக்காகவே திருமலை ஒரு தாள் கொண்டுவந்திருந்தார். வேன் பேசியபோது பையன்கள் எழுதிய பட்டியல். பிள்ளையார் சுழி, தேதி, கோயில், பதினாறு பெயர். மேனேஜர் நிதானமாகப் படித்தார். முகம் இளகியது.

"யார் எழுதினது?"

"அய்யாத்துரை சார். தங்கமான பையன். எல்லாரையும் ஒண்ணு சேத்து, வண்டி பேசி, அல்லாமே அவன்தான்."

சொல்லி முடிப்பதற்குள் திருமலைக்கு உறைத்துவிட்டது. மேனேஜர் அந்தப் பெயருக்குக் கீழே கோடு போட்டார்.

"பதினஞ்சு பேர் நாளைக்கு வரட்டும். ஆள் சேக்கிறவன் வேண்டாம்."

"சார், என் பொறுப்புல உடுங்க..."

"பதினஞ்சு பேரும் வேண்டாம்னு சொல்லட்டுமா?"

திருமலை கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தார்.

சாயங்காலம் அய்யாத்துரையின் அறைக்குப் போனார். நாலு பேர் இருக்கும் அறை. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, நடந்ததைப் பாதியாக்காமல் சொன்னார்.

"மத்தவங்களுக்கு வேல உண்டுல்லா அண்ணாச்சி?"

"கீதுப்பா."

"பட்டியல நான்தான குடுத்தேன். பத்திரமா வச்சுக்கிடுங்கன்னு வேற சொன்னேன்."

"நாளைக்கு மறுபடியும் போய்ப் பேசறேன்."

"வேண்டாம் அண்ணாச்சி" என்றான் அய்யாத்துரை. "நீங்க பேசுனதே போதும்."

மற்ற மூவரும் மறுநாள் ஷிப்டுக்குச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் நிமிரவில்லை.