குப்புறப் படுத்திருந்த மேனேஜர்

ஜோகுபாளையத்தில் என் கழுத்துவலிக்கு அக்குபங்சர் செய்த ஓர் அம்மா, ஊசி குத்தும்போது யாரிடமும் பேசமாட்டார். உடம்பு சமநிலைக்கு வர அமைதி வேண்டும் என்பார். அன்று பக்கத்துக் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தவரிடம் மட்டும் பேசினார்.

"பொம்மசந்திரா ஃபேக்டரில மேனேஜரா இருந்தீங்கல்ல சார்? கை வீங்கிப்போச்சு, லீவு குடுங்கன்னு கேட்டேன். நடிக்கிறாள்னு எல்லார் முன்னாடியும் வெளிய அனுப்புனீங்க. அந்தக் கைய சரி பண்ணத்தான் இதையே கத்துக்கிட்டேன்."

முதுகு நிறைய ஊசியோடு மேனேஜரால் எழ முடியவில்லை. "தப்புதாம்மா," என்றார்.

"அசையாதீங்க. இன்னும் நேரம் இருக்கு." அந்த அம்மா அவர் தலைமாட்டில் நாற்காலியைப் போட்டு, ஒரு பக்கம் திரும்பி வியர்க்கும் அந்த முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஊசிகளை எடுத்ததும், வலி நன்றாகக் குறைந்திருப்பதாக மேனேஜர் சொன்னார். அந்த அம்மாவின் முகம் சுருங்கியது. ஓர் ஊசியையாவது அவருக்கு வலிக்கும்படி குத்தியிருக்கலாம். ஏன் குத்தவில்லை என்று இன்றும் யோசிக்கிறேன்.