மில்லுக்குத் தெரியாத விரல்

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில், நூலைக் கோனில் சுற்றும் பிரிவில் வேலை பார்த்தேன். ஓடுகிற நூல் அறுந்தால் கண்மூடித் திறப்பதற்குள் முடிச்சுப் போட வேண்டும். பிழைப்பே அந்த முடிச்சுதான். ஒருநாள் காலையில் வலது கட்டைவிரல் மடங்கியது, நீட்ட வரவில்லை. இடது கையால் இழுத்தபோது 'டக்'கென்று விட்டது. உயிர் போகிற வலி. வலியைவிடப் பயம்தான் பெரிது. கை சரியில்லை என்று தெரிந்தால் என் இடத்தில் வேறொருத்தி நிற்பாள்.

அதனால் தினமும் சோறு வடித்த சூட்டுக் கஞ்சியில் கையை முக்கி, விரலை இளக்கிக்கொண்டுதான் போவேன். "ஊசி போட்டா சரியாயிரும், அது டாக்டர் பாடு" என்பார் வீட்டுக்காரர். எங்கள் மேஸ்திரியோ, முதுகு வலிக்கிறதென்று உட்கார்ந்த ஒருத்தியிடம், "அவுக அவுக உடம்ப அவுக அவுகதான் பாத்துக்கிடணும். மில்லு என்ன ஆசுபத்திரியா?" என்று கேட்டவர். அவள் பிறகு வேலைக்கு வரவில்லை.

உள்ளூர் டாக்டரிடம் போனால் மில்லுக்குச் சேதி போய்விடும். ஆண்டாள் கோயிலுக்கென்று சொல்லிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். அங்கே டாக்டர் வாசல் பெஞ்சில், முழங்காலைப் பிடித்தபடி மேஸ்திரி. அவர் துண்டால் முகத்தை மறைக்கப் பார்த்தார். அதற்குள் கண்ணோடு கண் பட்டுவிட்டது.

டாக்டர் விரலை அழுத்திப் பார்த்தார். "ஒரு மாசம் வேலைய நிறுத்தும்மா. நீ நிறுத்தாம நான் என்ன மருந்து குடுத்தாலும் கேக்காது" என்றார். நிறுத்தினால் சோற்றுக்கு யார் பொறுப்பு என்று அவரிடம் கேட்கத் தைரியமில்லை.

மறுநாள் மேஸ்திரி நேராக என் மெஷினுக்கு வந்தார். தொலைந்தேன் என்றே நினைத்தேன். அவர் காதருகில் குனிந்து, "தாயி, நேத்து நீ என்னயப் பாக்கல, நான் உன்னயப் பாக்கல. எனக்குப் படி ஏற முடியலன்னு மேனேஜருக்குத் தெரிஞ்சா சோலி முடிஞ்சுது" என்றார்.

வேலை தப்பியது. ஆனால் எனக்குப் பயம் கூடிவிட்டது. கை முழுதாகப் போனால் இவர் காலில் விழுந்தாவது வேலையைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு இருந்தது. அது உரல் போய் மத்தளத்திடம் முறையிட்ட கதையாகிவிட்டது. அப்போது ஒரு நூல் அறுந்தது. எடுக்கப் போனேன், விரல் மடங்கி அப்படியே நின்றது. மேஸ்திரி பார்த்தார். பார்க்காதவர்போலத் திரும்பி, நொண்டாமல் நடக்கப் பாடுபட்டபடி போய்விட்டார்.