ஒரே கதவில் இரண்டு பலகைகள்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் ஆலையில் எல்லோரும் இறந்துபோனோம்.

பதற வேண்டாம். ஒத்திகையில்தான்.

இந்தப் பத்தியை விடாமல் வாசிப்பவர்கள் அறிவார்கள் — நான் இறால்களோடு வாழ்ந்தவன். கட்டுமாவடிப் பக்கம், கடலை ஒட்டிய ஓர் இறால் பதப்படுத்தும் ஆலையில் நெடுங்காலம் தர மேலாளராக இருந்தேன். இறாலின் நிறம், மணம், தசையின் இறுக்கம்... இவையே என் உலகம். இந்த ஆண்டு நிர்வாகம் என்னை அழைத்து, "இனிமே ஆளுங்க பாதுகாப்ப நீங்க பாத்துக்கங்க சார்" என்றது. அதே ஆலை, அதே அறை, அதே வெள்ளைக் கோட்டு. இறாலைப் பார்த்துப் பழகிய கண்களை அதை உரிக்கும் கைகளின் பக்கம் சற்றே திருப்பவேண்டும். அவ்வளவுதானே?

அவ்வளவுதான் என்றே நானும் நினைத்தேன்.

உரிக்கும் கூடம் சன்னல்கள் இல்லாதது, நீளமானது. பனிக்கட்டி அறையின் கதவு திறக்கும்போதெல்லாம் வெண்ணிற ஆவி தரையோடு தவழ்ந்து வந்து மேசைக் கால்களைச் சுற்றிக்கொள்ளும். வெள்ளை உடுப்பு, வெள்ளைத் தொப்பி, வெள்ளை முகமூடி — கண்கள் மட்டும் தெரிய, பெண்கள் மேகத்தில் நின்று வேலை செய்வதாகத் தோன்றும். உள்ளே நுழைந்த சிறிது நேரத்தில் இது காலையா மாலையா என்பதே மறந்துவிடும்.

அந்தக் குளிரைத் தருவது அமோனியா. சுவருக்கு அப்பால் குழாய்களில் ஓசையின்றி ஓடிக்கொண்டிருக்கிறது. கசிந்தால் கண்ணையும் மூச்சையும் எரித்துவிடும். அப்படி ஒருநாள் கசிந்தால் என்ன செய்வது என்று பழகத்தான் ஒத்திகை. சங்கு ஊதினால் எல்லோரும் உடனே வெளியேற வேண்டும்.

சங்கு ஊதியது.

எவரும் ஓடவில்லை. எவரும் கத்தவில்லை. உரித்த இறாலின்மேல் பனிக்கட்டியை அள்ளிப் போட்டு மூடினார்கள். மேசையைக் கழுவினார்கள். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கைகழுவினார்கள். பிறகு முன்வாசலில் வரிசையாக நின்று, குளோரின் தொட்டியில் காலை நனைத்து, பூட்ஸைக் கழற்றி, அதற்குரிய கம்பியில் கவிழ்த்து மாட்டி, செருப்பை அணிந்துகொண்டு, ஒருவர் பின் ஒருவராக வெளியே வந்தார்கள்.

என்ன ஒழுங்கு! தர மேலாளராக நான் கனவு கண்ட காட்சி.

பாதுகாப்பு அலுவலராகப் பார்த்தால்... சவ ஊர்வலம்.

அந்த ஊர்வலத்தின் கடைசியில் ஸ்டெல்லா. கூடத்தின் கோடி மேசை அவருடையது. குளிர்பதனக் குழாய்கள் நுழையும் இடம் அது. வாயு கசிந்தால் முதலில் வந்து தொடும் இடமும் அதுவே. முழங்கால் வலிக்காரர் வேறு. மற்றவர்கள் முற்றத்தில் நின்று கதை பேசத் தொடங்கிய பிறகும், சுவரைப் பிடித்துக் குனிந்து இடதுகால் பூட்ஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் செத்தாச்சு" என்றேன், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி.

"செத்தாலும் சுத்தபத்தமா செத்திருக்கோம்ல சார்?" என்றார் மெஹருன்னிசா. உரிக்கும் கூடத்தின் மேற்பார்வையாளர். அவர் பேச்சுக்கு முற்றமே சிரிக்கும், சிரித்தது.

"பூட்ஸ ஏம்மா கழட்டுனீங்க? அப்படியே வந்திருக்கலாம்ல?"

"உள்ள போட்ட பூட்ஸோட வாசப்படியத் தாண்டுனா வீட்டுக்கு அனுப்பிருவேன்னு சொன்னது யாருங்க? பேயா வந்து சொல்லுச்சு?"

"சரி, பின்னாடி அவசரக் கதவு இருக்கே! ஸ்டெல்லா மேசைக்குப் பக்கத்துலயே இருக்கு. தள்ளுனா தொறந்துக்கும்."

"அதுல ரெண்டு போர்டு தொங்குது சார். 'அவசர வழி'ன்னு ஒண்ணு. 'எக்காரணம் கொண்டும் திறக்காதீர், ஈ நுழையும்'னு இன்னொண்ணு. எது பேச்சக் கேக்குறது? ரெண்டுலயும் ஒங்க கையெழுத்துதான்."

அப்போதுதான் பூட்ஸை வென்று வெளியே வந்திருந்த ஸ்டெல்லா மூச்சு வாங்கியபடி சமாதானம் செய்தார். "விடுங்கக்கா. சாரு இப்பத்தான் எறாவுலேர்ந்து மனுசருக்கு மாறி வந்திருக்காரு. பழக நாளாகும்ல?"

அந்த வார இறுதியில் திருக்கோகர்ணத்திலுள்ள என் வீட்டுக்குப் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். அறந்தாங்கி தாண்டியதும் சன்னலில் தலை சாய்ந்தது. பொட்டல்களும் கண்மாய்க் கரைகளும் ஒன்றோடொன்று கலந்து பின்னே நழுவின. அந்த அரைத் தூக்கத்திலும் கூடத்துக்குள் ஆவி தவழ்ந்தது. எல்லா மேசைகளும் காலி. கோடியில் மட்டும் யாரோ குனிந்து நின்றார். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

தரக்கட்டுப்பாட்டில் ஒரு சௌகரியம் உண்டு. ஒரு கூடையிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பார்ப்போம். பிடி நன்றென்றால் கூடையும் நன்று. அதில் ஒன்றிரண்டு பழுது இருந்தாலும் ஒதுக்கி வைத்துவிட்டு மேலே போகலாம். மனிதர்களில் அப்படிப் பிடி அள்ள முடியுமா? 'பெரும்பாலோர் தப்பினர்' என்பது எந்தத் தரத்தில் சேர்த்தி? பெரும்பாலோர் தப்பிய பிறகு எஞ்சுகிறவருக்கு ஒரு பெயர் இருக்கிறதே... ஸ்டெல்லா என்று.

திங்கட்கிழமை முதல் வேலையாக 'திறக்காதீர்' பலகையைக் கழற்றினேன். இப்போதைய தர மேலாளர் காசிம் ஓடிவந்தார். முன்பு என் உதவியாளராக இருந்தவர்.

"சார், ஈ வந்துச்சுன்னா யாரு பதில் சொல்றது? ஒரு ஈ கெடந்தா ஒரு கண்டெய்னரே திரும்பி வந்துரும்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க?"

என் சொற்கள் என்னையே பார்த்துப் பல்லிளித்தன. நெடுநேரம் வாதாடினோம். முடிவில், சங்கு ஊதினால் மட்டும் அந்தக் கதவு. ஒத்திகைக்கு முன் சரக்கை எல்லாம் குளிர் அறைக்கு மாற்றிவிடுவது. முடிந்தபின் கூடத்தை முழுக்கக் கழுவித்தருவது என் பொறுப்பு — என உடன்படிக்கை ஆயிற்று.

இந்த வியாழக்கிழமை மறு ஒத்திகை. எல்லோரிடமும் முன்பே சொல்லிவிட்டேன்: கையில் இருப்பதை அப்படியே போடுங்கள், பூட்ஸோடு நடங்கள், பின்கதவைத் தள்ளுங்கள்.

சங்கு ஊதியது. இம்முறை எவரும் கைகழுவப் போகவில்லை. ஆனால் கதவருகே சென்ற ஸ்டெல்லா, அதன் கம்பியில் கையை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டார். அவர் பின்னால் கூடமே நின்றது.

"தள்ளுங்கம்மா!" என்றேன், கூடத்துக்குள் அவர் அருகில் நின்றபடி.

"மொதல்ல நீங்க போங்க சார்" என்றார். "ஒங்களுக்குப் பின்னாடி வாரேன்."

தள்ளினேன். கதவு அகலத் திறந்தது. வெளியே மணல். என் காலில் கூடத்தின் வெள்ளை பூட்ஸ். ஓர் அடி எடுத்து வைக்கவேண்டும்... கால் எழவில்லை! மண்ணில் படப்போகிறதே என்று உடம்பெல்லாம் கூசியது. அறிவு 'போ' என்கிறது. பழகிய கால் 'மாட்டேன்' என்கிறது. ஊருக்கெல்லாம் ஒத்திகை வைத்தவன், வாசற்படியில் சிலையாக நிற்கிறேன்.

"போங்க சார்!" பின்னாலிருந்து மெஹருன்னிசாவின் குரல். "நாங்க யாரும் ஒங்கள வீட்டுக்கு அனுப்ப மாட்டோம்!"

சிரிப்பு வந்தது, சிரிப்பில் கால் எழுந்தது. மணலில் இறங்கினேன். அடுத்து ஸ்டெல்லா, மெதுவாக, பூட்ஸோடு. அதன்பின் மடை திறந்ததுபோல் எல்லோரும். நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். ஆவி மட்டும் தவழ்ந்துகொண்டிருந்தது. கோடி மேசையில் யாரும் இல்லை.

திரும்பினால், எல்லோருடைய கண்களும் ஒரே பக்கம்.

"ஏ அக்கா..." என்றார் ஸ்டெல்லா. "கடலு இம்புட்டுக் கிட்டயா கெடக்கு?"

அவர் அறந்தாங்கிக்கு மேற்கே ஒரு சிற்றூரிலிருந்து வேனில் வருகிறவர். விடியும்முன் முன்வாசல் வழியே நுழைந்து, பொழுது சாய அதே வழியே திரும்புகிறவர். இங்கே எங்கோ கடல் இருக்கிறது என்று தெரியும். தன் மேசைக்குப் பின்னால் ஒரு சுவர் தள்ளி அது விரிந்து கிடப்பது எப்படித் தெரியும்? எங்கள் பக்கத்துக் கடல் அலையடித்துத் தன்னை அறிவித்துக்கொள்வதும் இல்லையே.

முகமூடிகள் ஒவ்வொன்றாக இறங்கின. வெள்ளை உடுப்பும் வெள்ளை பூட்ஸுமாக அத்தனை பெண்களும், ஈர மணலில் இறங்கிய கொக்குகளைப்போல நின்றார்கள். தொலைவில் ஒரு வள்ளம் நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாதபடி இருந்தது. வானம் எங்கே முடிகிறது என்பதும் தெரியவில்லை. நான் கடிகாரத்தைப் பார்க்க மறந்துபோனேன்.

கதவுக்குள்ளிருந்து காசிம் தலையை நீட்டினார். "சார், ஒத்திகை முடிஞ்சிருச்சுல்ல? எல்லாரையும் உள்ள வரச் சொல்லுங்க. கழுவணும், வேல கெடக்கு."

நியாயம்தான், கழுவித்தருவதாகச் சொன்னவனும் நான்தான். ஆனால் எனக்குக் கொடுத்திருக்கும் பொறுப்பு ஆட்களை வெளியேற்றுவது மட்டும். உள்ளே அழைப்பதற்கு நிர்வாகம் வேறோர் ஆளைத்தான் நியமிக்கவேண்டும்!