குளித்த பிள்ளையின் வாசனை

பேய் ராத்திரியில்தான் வரும் என்பவர்கள் எங்கள் ஸாஃப்ரா ஊரில் ஆகஸ்ட் மாதத்து மத்தியானம் ஒன்றில் படுத்துப் பார்க்க வேண்டும். நான் சொல்லப்போவது பட்டப்பகலில், 3.52 மணிக்கு, எனக்கே நடந்தது. கதை கட்டி எனக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை. நம்பாதவர்கள் நிம்மதியாகத் தூங்கட்டும்.

போன வருஷம் ஜூலையில் அந்த மாடி வீட்டுக்குக் குடிபோனோம். நான், லாரி ஓட்டும் என் கணவர் ஃபெர்மின், நாலு வயது மகள் ஒலாயா. குளியலறை அலமாரியின் மேல்தட்டைத் துடைத்தபோது ஒரு கண்ணாடிப் புட்டி கையில் பட்டது. அடியில் ஒரு விரல் அளவு கொலோன், பிள்ளைகளுக்குத் தடவும் வாசனைத் தண்ணீர். திறந்தேன். மெல்லிய, இனிப்பான வாசனை. எங்கள் பக்கத்தில் குளித்த பிள்ளைக்கு இந்தக் கொலோனைத் தலையில் தடவி, வகிடெடுத்துச் சீவித்தான் வெளியே விடுவார்கள். என் அம்மா எனக்குத் தடவியதும் இதே வாசனைதான். அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றேன்.

தெருமுனைக் கடையில் கொலோனைச் சில்லறையாக ஊற்றித் தருவார்கள். புட்டியைக் கொண்டுபோய் நீட்டினேன். கடைக்காரி எர்மினியா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“பழசைக் கொட்டிட்டு ஊத்தவா?”

“எதுக்குக் கொட்டணும்? அது மேலயே ஊத்துங்க.”

“பிள்ளைக்கா?”

“இல்ல, எனக்கு.”

“நல்லாருக்கு போ! நீ இன்னும் தொட்டில்லதான் தூங்குறியா?”

இரண்டு பேரும் சிரித்தோம். கஞ்சத்தனம்தான், வேறென்ன. ஒரு விரல் கொலோனைக் கொட்ட எனக்கு மனசு வரவில்லை. அன்றிலிருந்து தினமும் கழுத்திலும் காதுக்குப் பின்னாலும் தடவிக்கொண்டேன்.

அந்த வாரமே ஒலாயா என் மடியில் உட்காருவதை நிறுத்திவிட்டாள்.

“ஏன்டி, அம்மா மேல கோபமா?”

“அங்க இடமில்ல.”

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன். ஆனால் ராத்திரி தூங்கும்போதும் என் பக்கம் வரமாட்டேன் என்றாள். முத்தம் கொடுக்கப் போனால் முகத்தைத் திருப்பினாள். பெற்ற வயிறு எரிந்தது.

பிறகு சின்னச் சின்ன விஷயங்கள். மத்தியானம் தூங்கி எழுந்தால் தலையணையில் என் பிடரிப் பக்கம் மட்டும் ஈரமாக இருக்கும். யாரும் தொடாத சீப்பில் தண்ணீர் சொட்டும். ஃபெர்மினிடம் போனில் சொன்னேன்.

“நாப்பத்திரெண்டு டிகிரி வெயிலு, காசில்தா. வேர்க்காம பூவா பூக்கும்?” என்றார்.

ஆகஸ்ட் 14. அவர் பிரான்ஸுக்குச் சரக்கு ஏற்றிப் போயிருந்தார். தக்காளிக் குளிர்சூப்பும் முலாம்பழமும் சாப்பிட்டோம். ஒலாயாவை அவள் அறையில் படுக்க வைத்தேன். ஜன்னல் ஷட்டர்களை இறக்கினேன். வீடு கும்மிருட்டானது. அந்த நேரத்தில் ஊரே தூங்கும், தெருவில் ஒரு நாய்கூட நடமாடாது.

விழிப்பு வந்தது. கடிகாரத்தில் சிவப்பு எழுத்து. 3.52.

என் முதுகுப்பக்கம் மெத்தை மெல்ல அமுங்கியது. சின்னக் கைகள் பின்னாலிருந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டன. ஈரத் தலை ஒன்று பிடரியில் சாய்ந்தது. அதே வாசனை.

ஒலாயா வந்துவிட்டாள்! ஐந்து வாரம் கழித்து என் பிள்ளை என்னிடம் வந்துவிட்டாள். அழுகையே வந்தது எனக்கு. அந்தக் குட்டிக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சில்லென்று இருந்தது. குளித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

யார் குளிக்க வைத்தது?

பிடரியில் மூக்கு உரசியது. மோந்து பார்த்தது. ஸ்ஸ்… ஸ்ஸ்…

எங்கோ தண்ணீர் ஓடியது.

“அம்மா…”

குளியலறையிலிருந்து.

“அம்மா, தண்ணி கழுத்து வரைக்கும் வந்துடுச்சு… போதுமா?”

ஒலாயாவின் குரல்.

என் கழுத்தில் இருந்த கைகள் இறுகின.

கத்த முடியவில்லை. எழ முடியவில்லை. 3.53.

“அம்மா… தாடைக்கு வருது…”

உருண்டேன். தரையில் விழுந்தேன். கைகள் விடவில்லை. அந்தப் பாரத்தோடு நடையில் தவழ்ந்தேன். காதோரம்… ஸ்ஸ்… ஸ்ஸ்…

குளியலறை வாசல்படியைத் தொட்டேன்.

பாரம் இல்லை.

குளியல் தொட்டி நிறைந்து வழிந்தது. உதட்டுவரை தண்ணீரில் ஒலாயா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இடப்பக்கம் வகிடெடுத்து, தலை ஒழுங்காகச் சீவியிருந்தது. நான் அப்படிச் சீவுவதே இல்லை.

வாரித் தூக்கினேன்.

“யாருடி உன்னை இறங்கச் சொன்னா?”

“அந்தப் பாப்பா. அம்மாகூட அவ தூங்கணுமாம். நான் உள்ளயே இருக்கணுமாம்.”

ஈரத்துணியோடு எதிர்வீட்டுக் கதவை இடித்தேன். ஒப்துலியா அம்மா திறந்தார். முப்பது வருஷமாக அந்தக் கட்டிடத்தில் இருப்பவர். என்னை அணைக்க வந்தவர், மூச்சை இழுத்தவுடன் ஒரு அடி பின்னால் போனார்.

“காசில்தா… அலமாரி மேல இருந்த புட்டியா?”

தலையாட்டினேன். உள்ளே இழுத்துக் கதவைத் தாழ் போட்டார். பிறகுதான் சொன்னார்.

“உனக்கு முன்னாடி ஹஸிந்தானு ஒருத்தி இருந்தா. அவளும் அது அங்கதான் கெடந்துச்சுன்னு எடுத்துத் தடவிக்கிட்டா. அவ பொண்ணு அதே தொட்டியில போயிருச்சு. மத்தியானத் தூக்கத்துல.”

“அவ தூங்கிட்டாளா?”

“எங்க தூங்கினா! முழிச்சுத்தான் இருந்தா. தண்ணி ஓடுறதுகூட கேட்டுச்சாம். குழந்தை என் கழுத்தைக் கட்டிக்கிட்டுப் பக்கத்துலயே கெடக்கு, அப்புறம் என்ன பயம்னு படுத்திருந்தாளாம். போலீஸ்ல அதையே திரும்பத் திரும்பச் சொன்னா. ஒருத்தனும் நம்பல.”

“அப்போ அந்த இன்னொரு குழந்தை யாரு?”

“தெரியல மகளே. எனக்குத் தெரிஞ்சு அதுக்கு முன்னாடி அந்த வீட்டுல எந்தப் பிள்ளையும் சாகல.”

ஒலாயாவை இன்னும் இறுக்கிக்கொண்டேன். கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன்.

“ஹஸிந்தாவோட பொண்ணு அம்மாவைக் கூப்பிடவே இல்லையா?”

ஒப்துலியா அம்மா என் மகளின் ஈரத் தலையைத் தடவினார்.

“எப்படிக் கூப்பிடும்? ரெண்டு வயசு. அதுக்கு இன்னும் பேச்சு வரல.”