காதண்ணன் கேட்டது

கிட்டாரை நிமிர்த்தி, அதன் தோளில் தாடை எலும்பை அழுத்தி வைத்துக்கொண்டு, ஒரே ஒரு கம்பியைச் சுண்டுகிறார். கண் மூடியிருக்கிறது. பல் டாக்டர் முன்னால் உட்கார்ந்தவரைப்போல வாய் பாதி திறந்திருக்கிறது. “ம்ஹூம். இவளுக்கு இன்னிக்கு மனசு சரியில்ல” என்று சொல்லிவிட்டு, திருகாணியை மயிரிழை அளவுக்குத் திருப்புகிறார். சுருதி காட்டும் சின்ன மின்கருவி, எல்லாம் சரி என்று பச்சை விளக்கை எரியவிட்டபடி பக்கத்திலேயே இருக்கிறது. அவர் அதைச் சட்டை செய்வதில்லை. “அது கண்ணுக்குல்ல சொல்லுது? பாட்ட எவனாவது கண்ணால கேப்பானா?”

மேடையில் வேலை செய்கிற எல்லோருக்கும் அவர் காதண்ணன். வயது ஐம்பத்தாறு. குள்ளம், வழுக்கை, ஏழு பை வைத்த கறுப்புச் சட்டை. ஒரு பையில் கம்பி வெட்டும் குறடு, ஒன்றில் பஞ்சு, ஒன்றில் இருமல் மிட்டாய். மற்ற நான்கில் என்ன இருக்கிறது என்று அவருக்கே நிச்சயமில்லை. ஓட்டல் அறைக்குப் போனதும் மற்றவர்கள் கட்டிலை அழுத்திப் பார்ப்பார்கள். இவர் சுவரில் காதை வைப்பார். லிஃப்ட் மோட்டாரின் முனகல் பிடிக்கவில்லையென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுவார்.

வீட்டிலும் இதே கதைதான். ஒருநாள் காபி குடித்துக்கொண்டே, “ஃபிரிட்ஜ் அரைச் சுருதி இறங்கிடுச்சே” என்றார். மூன்றாம் நாள் ஃபிரிட்ஜ் படுத்துவிட்டது. “நல்லா ஓடிட்டிருந்ததைச் சொல்லிச் சொல்லியே கொன்னுட்டீங்க” என்று மனைவி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதிலிருந்து அவர் இருமினால்கூட, “எதைப் பத்தியும் ஒண்ணும் சொல்லிடாதீங்க சாமி” என்று கையெடுத்துக் கும்பிடுகிறாள்.

இருபத்து நான்கு வருடம் அவர் ஒரே ஒருவரின் கிட்டாரைத்தான் பார்த்துக்கொண்டார். அந்த ஒருவர் அவர் மனைவியின் தம்பி. உலகம் அவனை இடி என்று அழைத்தது. அவன் தொண்டையைத் திறந்தால் முதல் வரிசையில் இருப்பவன் நெஞ்சு அதிரும். ஆனால் ஆரம்பத்தில் அந்த இடிக்கு மழை பெய்யவில்லை. துணி வெளுக்கும் கடையின் பின்னறையில், நீராவி இஸ்திரி இயந்திரங்கள் புஸ்புஸ்ஸென்று மூச்சு விட, மச்சானும் மைத்துனனும் ஐந்து வருடம் பழகினார்கள். இரண்டு இசைத்தட்டுகள் வெளியிட்டார்கள். வாங்கியவர்களை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம், அதிலும் பாதி சொந்தக்காரர்கள்.

திருப்பம் வந்தது ஒரு சின்ன ஊரின் விளையாட்டரங்கில். மாலை நிகழ்ச்சிக்கு மதியமே ஒலி சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் தன் குரல் தனக்குக் கேட்பதற்காக இடி காதில் இயர்போன் மாட்டியிருந்தான். திடீரென்று கையை உயர்த்தினான்.

“யாரு மாமா மைக்ல முனகறது?”

“மைக் இன்னும் போடவே இல்லையே மாப்ள.”

“பொம்பளயா ஆம்பளயான்னு தெரியல. பாடுது.”

காதண்ணன் ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கினார். கடைசி இணைப்பும் போன பிறகும் இடி தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். பிறகு கிட்டாரை எடுத்து, யாரோ சொல்லச் சொல்ல எழுதுகிற கணக்குப்பிள்ளை மாதிரி, ஒவ்வொரு வரியாக வாசித்தான்.

ஆறு மாதத்தில் அந்தப் பாட்டு வாடகைக் காரிலும் முடிவெட்டும் கடையிலும் பள்ளிக்கூட வண்டியிலும் ஒலித்தது. அதன்பிறகு ஏணி இல்லை, நேரே மாடிதான். அரங்கம் மைதானமானது, ஒரு வேன் நாற்பது லாரியானது. இடியின் முகம் ஏழு மாடி உயரத்துக்குச் சுவர்களில் சிரித்தது. மொத்தம் ஒன்பது பாட்டு அப்படி வந்தது, எல்லாமே ஆளில்லாத மதிய அரங்கத்தில்தான். ஒலிச்சோதனை முடிந்ததும் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு இருபது நிமிடம் கதவைக் காப்பது காதண்ணனின் வேலை. உள்ளே அவரும் அவனும் மட்டும். அவன் கேட்பான். அவர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறைகூட அவருக்கு எதுவும் கேட்டதில்லை.

முதல் பாட்டு வெற்றி பெற்ற வருடம், காதண்ணன் மனைவியான அவன் அக்காள் ஒரு பழைய ஒலிநாடாவைப் போட்டுக்காட்டினாள். இறந்துபோன அம்மா, யாரையோ அதட்டிக்கொண்டே சிரிக்கிற நாடா. இடி பொறுமையாகக் கேட்டான். “யாருக்கா இந்தம்மா? நல்லாப் பேசறாங்க” என்றான். விளையாடுகிறான் என்று நினைத்துச் சிரித்துவிட்டார்கள்.

இரண்டாவது பாட்டுக்குப் பிறகு, பத்து வருடம் கூடவே வாசித்த டிரம்ஸ்காரர் முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டார். இடி யாரோ ரசிகர் என்று நினைத்துப் பேனாவை எடுத்தான். திரும்பி முகத்தைப் பார்த்தபின்தான் தெரிந்தது. ஒரு பாட்டு வரும், ஒரு குரல் போகும். காது மருத்துவர்கள் மூன்று பேர் சோதித்துவிட்டு, கேட்கும் திறனில் எள்ளளவும் குறையில்லை என்று எழுதிக்கொடுத்தார்கள். எட்டாவது பாட்டு வெளியான வாரம் அக்காள் வாழ்த்துச் சொல்லத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“யாருங்க பேசறது?”

“டேய், நான்தான்டா.”

“மன்னிச்சுக்கங்க. குரல் பிடிபடல. பேரைச் சொல்லுங்க.”

அவள் பேரைச் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு, அன்று முழுக்க வீட்டில் எல்லா அறையையும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“விட்டுடு மாப்ள” என்று காதண்ணன் அன்றைக்கே சொன்னார். “இன்னும் ஒண்ணே ஒண்ணு மாமா” என்றான் இடி. அந்த ஒன்பதாவதுதான் அவனுடைய பாட்டுகளிலேயே பெரியது. அதற்கு விலையாகப் போனது மேலாளரின் குரல். “அதுல எனக்கு லாபம்தான்” என்று சிரித்தான். சிரிப்பு கண்வரைக்கும் போகவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன், ஒரு பெரிய மைதானத்தில், கொளுத்துகிற மதியத்தில், இடி மேடை நடுவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். சட்டென்று இயர்போனைப் பிடுங்கிக் காதண்ணன் உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினான்.

“இன்னொண்ணு வருது மாமா. இதுவரைக்கும் வந்ததுலயே நல்லது.”

“அப்புறம் ஏன் கழட்டிட்ட?”

“கேட்டா நீங்க போயிடுவீங்க. எனக்கு மிச்சம் இருக்கறது உங்க குரல் ஒண்ணுதான்.”

அத்தோடு சரி. அன்று மாலை நிகழ்ச்சி நடக்கவில்லை, அதற்குப் பிறகு எந்த நிகழ்ச்சியும் நடக்கவில்லை. போதை என்றது ஒரு பத்திரிகை, காதல் என்றது இன்னொன்று. அவன் அக்காள் வீட்டு மாடியறைக்கு வந்துவிட்டான். பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறான், சத்தத்தை அணைத்துவிட்டுத் தொலைக்காட்சி பார்க்கிறான், நன்றாகத் தூங்குகிறான். அக்காள் ஒரு பழக்கம் ஏற்படுத்திக்கொண்டாள். தம்பியிடம் எதைச் சொல்வதானாலும் முதலில் அவன் எதிரே போய் நின்று, அவன் தன் முகத்தைப் பார்த்தபிறகே வாயைத் திறப்பாள்.

காதண்ணன் இப்போது வேறு குழுக்களுக்கு வேலை செய்கிறார். அந்த இயர்போனைத் தூக்கிப்போட்டுவிட்டதாக வீட்டில் சொல்லியிருந்தார், போடவில்லை. பயம் இல்லாமலில்லை. ஆனால் பயத்துக்கு அடியில் வேறொன்று குடைந்துகொண்டிருந்தது. பறக்கிற கொசுவுக்குச் சுருதி சொல்கிற மனிதர் அவர். இரண்டடி தள்ளி நின்று ஒன்பது முறை காவல் காத்தும், தன் மச்சினன் காதில் பாடியது மட்டும் அவருக்குக் கேட்கவில்லை. “பந்தி பரிமாறினவன் பட்டினி கிடந்த கதை” என்று ஒருமுறை, யாரும் கேட்காமலே, கிட்டாரிடம் சொன்னார்.

போன மாதம் ஒரு பொருட்காட்சிக் கூடத்தில் வேலை. மேடைக்காரர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போனார்கள். ஐயாயிரம் காலி நாற்காலிகள். காதண்ணன் கதவைச் சாத்திவிட்டு, மேடை நடுவில் நின்று, இயர்போனை மாட்டினார். அதன் மறுமுனையை எதிலும் செருகவில்லை.

முதலில் தன் ரத்தம் ஓடுகிற இரைச்சல். அதற்குப் பின்னால் குளிர்சாதனத்தின் முனகல். அது என்ன சுருதி என்று அவருக்குத் தெரியும், அதைத் தள்ளி வைத்தார். கூரைத் தகரம் வெயிலில் விரிகிற டிக் டிக். அதையும் தள்ளி வைத்தார். எல்லாவற்றையும் தள்ளியபின், மிக அருகில், ஒருவர் மூச்சை உள்ளே இழுத்தார். பாடப்போகிறவர் இழுக்கிற மூச்சு.

கழற்றிவிடலாம் என்று கை காது வரைக்கும் போனது. ஒரு அடி மட்டும் கேட்டுவிட்டு, என்று நினைத்தார். கை அங்கேயே நின்றுவிட்டது.

மேடைக்காரர்கள் திரும்பி வந்தபோது அவர் அதே இடத்தில், கை காதோரம் இருக்க, நின்றுகொண்டிருந்தார். நாலு நிமிடம்தான் ஆகியிருக்கும் என்று அவர் நினைத்தார். ஆனால் ஒரு மணி நேரம் போயிருந்தது. “என்னண்ணே, அழறீங்களா?” என்று ஒருவன் கேட்டான். “தூசிடா” என்றார். அன்று சுருதி சேர்க்க, வாழ்க்கையில் முதன்முறையாக, மின்கருவியின் பச்சை விளக்கைப் பார்த்தார்.

அந்த வேலை முடிந்து ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் சாப்பாட்டு மேசை. காதண்ணன் ஒரு பக்கம், இடி எதிரில், அக்காள் சமையலறையில். காதண்ணன் தட்டின் ஓரத்தில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே எதையோ மெல்ல முனகினார். நல்ல மெட்டு. யாரும் இதுவரை கேட்டிராத மெட்டு. இடி மெல்லுவதை நிறுத்தினான்.

“என்னங்க, தண்ணி எடுத்துக்கிட்டீங்களா?” உள்ளேயிருந்து அக்காள் கேட்டாள்.

காதண்ணன் நிமிர்ந்தார். சமையலறைப் பக்கம் பார்க்கவில்லை. தெருக் கதவைப் பார்த்தார்.

“யாரோ ஒரு அம்மா வந்திருக்காங்க போல” என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

இடி அவருக்கு முன்னால் எழுந்துவிட்டான். மேசையைச் சுற்றி ஓடிவந்து, அவர் பின்னால் நின்று, தன் இரண்டு உள்ளங்கைகளாலும் அவர் காதுகளை இறுக்கிப் பொத்தினான். தண்ணீர்ச் செம்போடு வெளியே வந்த அக்காள், இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு எதிரே வந்து நின்றபோதும், அவன் கையை எடுக்கவில்லை.