எல்லா அம்புக்குறிகளும் மேற்கே

சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்புக்குச் சுகாதார அவசரகாலத் திட்டம் எழுத வந்த ஆய்வாளர் யசோதினி. ஆபத்து என்றால் கடல்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. கடற்கரைச் சனம் வாவியைத் தாண்டி மேற்கே படுவான்கரைக்கு ஓட வேண்டும். குளோரினும் வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் ஜீவனியும் அங்கே, உன்னிச்சையில், தயாராக இருக்க வேண்டும். வரைபடத்தின் எல்லா அம்புக்குறிகளும் மேற்கைப் பார்த்தன. மேலிடம் மெச்சியது.

2007இல் போர் மூண்டு ஷெல் விழுந்தது மேற்கில். உன்னிச்சைச் சனம் வாவியைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் ஓடிவந்தது. குளோரினும் ஜீவனியும் உன்னிச்சையிலேயே கிடந்தன. கடற்கரை முகாமில் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் தொடங்கியபோது, புஸ்பம் என்ற தாய் யசோதினியிடம் கேட்டாள்:

"ஜீவனியெல்லாம் எங்கட ஊரிலதானே மிஸ் வெச்சிருக்கிறீங்க, இஞ்ச ஒண்டும் இல்லியா?"

அதன்பின் யசோதினி எழுதிய திட்டங்களில் வாவியின் இரு கரையிலும் களஞ்சியம் இருந்தது.

போர் முடிந்த வருடம் கொழும்பிலிருந்து வந்த அதிகாரி வரைபடத்தில் கடற்கரைப் பக்கத்துக் களஞ்சியத்தின் மேல் பேனாவால் கோடு இழுத்தார்.

"சண்டைதான் முடிஞ்சிட்டே. இனி இது என்னத்துக்கு?"

யசோதினி வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சுனாமி வந்த அண்டைக்கும் விடிய கடல் சும்மாதான் கிடந்தது, சேர்."