பிரச்சினை உங்க லைன்லதான்

சொன்னால் சிரிப்பீர்கள்... சிரித்துக்கொள்ளுங்கள். பேரன் எடுத்த பிறகும் பக்கத்து வீட்டு யோகன் மேல் எனக்கு இன்னும் பொறாமை இருக்கிறது. அதுவும் ஒரு பச்சை லைட்டுக்காக.

அந்த நாட்களை நினைத்தால் முதலில் வருவது ஈர ஜெர்கின் வாசனைதான். கூடலூர்ப் பக்கம் ஆடி மாதம் துவைத்த துணி லேசில் காயாது. அடுப்புக்கு மேலே, கதவு மேலே, ஜன்னல் கம்பியிலே... இடம் கண்ட பக்கமெல்லாம் துணி தொங்கும்.

யோகன் என் வீட்டோடு சுவர் ஒட்டினவன். இருவருக்கும் ஒரே டீ ஃபேக்டரியில் வேலை. எங்கள் லைனில் எதையும் முதலில் வாங்குகிறவன் அவன்தான். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், எஸ்டேட்டில் லைன் என்றால் வரிசையாய் ஒட்டிக் கட்டின தொழிலாளர் வீடுகள். எங்கள் அம்மா கடைசி வரைக்கும் இலங்கைப் பழக்கத்தில் லயம் என்றுதான் சொல்லும்.

கலர் டிவி, கேஸ் அடுப்பு, கடைசியில் கம்ப்யூட்டர். அவன் வாங்கினால் நான் சும்மா இருப்பேனா... மகள் படிப்பைச் சாக்கு வைத்து நானும் ஒன்று வாங்கிப் போட்டேன்.

என் படிப்பு நாலாம் வகுப்பு. கம்ப்யூட்டரில் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. மோடம் டப்பாவில் பச்சை எரிந்தால் நெட் இருக்கிறது. சிவப்பு எரிந்தால் இல்லை.

அந்தச் சனிக்கிழமை சிவப்பு எரிந்தது.

மற்ற நாளாக இருந்தால் பரவாயில்லை. மறுநாள் இலங்கையில், ஹட்டனில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்கு எங்கள் சின்னம்மா வந்து உட்கார்ந்து, வீடியோவில் அம்மாவோடு பேசுவதாக ஏற்பாடு. அம்மாவின் ஒரே தங்கச்சி. அம்மா இங்கே வரக் கப்பல் ஏறிய நாளோடு சரி, அப்புறம் இருவரும் முகம் பார்த்ததில்லை. அம்மா புதுச் சேலையை மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டது.

நெட் வராவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? அம்மாவைக் கூட்டிக்கொண்டு யோகன் வீட்டுக்குப் போக வேண்டும். அவன் நாற்காலியில் உட்கார்ந்து, அவன் கம்ப்யூட்டரில், என் சின்னம்மா... நினைக்கும்போதே வயிறு எரிந்தது.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். மோடத்தைத் துடைத்தேன். தட்டிக்கூடப் பார்த்தேன். போனை எடுத்தால் அதிலும் சத்தமில்லை. கடைசியில் செல்லைத் தூக்கிக்கொண்டு டவர் கிடைக்கிற மேட்டுக்கு ஏறிப் போய்க் கம்பெனிக்குப் பேசினேன்.

ஒரு பெண் பொறுமையாய் எல்லாம் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"கம்ப்யூட்டர்ல ஒண்ணுமில்ல சார். பிரச்சினை உங்க லைன்லதான் இருக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "லைன்ல எந்த ஊடுன்னு சொல்ல முடியுமாம்மா?"

"அது இங்கிருந்து தெரியாது சார். திங்கக்கிழமை ஆள் வந்து பாப்பாங்க."

"ஆள் வேணாம்மா. ஆள் யாருன்னு எனக்குத் தெரியும்."

மழையில் அப்படியே இறங்கி யோகன் வீட்டு வாசலில் போய் நின்றேன். உள்ளே அவன் மோடத்தில் பச்சை லைட் வரிசையாய், தேர் மாதிரி எரிகிறது. என் வீட்டுப் பச்சையும் அங்கேதான் எரிகிறது என்று எனக்குச் சத்தியமாய்த் தோன்றியது.

"யோகா, நெட்ட விட்டுடு. நாளைக்கு அம்மாவுக்கு வேணும்."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கம்பெனிப் பெண் சொன்னதைச் சொன்னேன். வாயில் இருந்த டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தான். சிரித்துக்கொண்டே என் வீட்டுக்குள் வந்து, மோடத்திலிருந்து வயரைப் பிடித்துக்கொண்டே போனான். சுவர்... சமையலறை... பின்பக்கம்.

பின்பக்கத்தில் போஸ்ட்டிலிருந்து வருகிற போன் வயரில் என் ஜெர்கின் தொங்கிக்கொண்டிருந்தது. முந்தின நாள் நனைந்து வந்து நானே போட்டது. அந்தக் கனத்தில் ஜாயிண்ட் பிடுங்கிக்கொண்டு நின்றது.

"அந்தப் புள்ள சரியாத்தான் சொல்லிருக்குண்ணே," என்றான். "பிரச்சினை நம்ம லைன்லதான். ஊட்டு நம்பர்தான் உன்னுது."

ஸ்டூல் போட்டு ஏறி, வயரை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றினான். உள்ளே பச்சை எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை லைனே எங்கள் வீட்டில்தான். சின்னம்மா முகம் துண்டு துண்டாய் வந்து ஒன்று சேர்ந்தது. அம்மா முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனது. அப்புறம் சின்னம்மாதான் கேட்டது:

"அக்கா... பல்லெல்லாம் எங்க?"

"ஒன் கொண்டைய எங்க வச்சியோ, அங்கதான்."

அழுதார்கள், சிரித்தார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பக்கத்தில் நின்றேன். கம்ப்யூட்டர் வாங்கினது யார்? அம்மா கையை நீட்டியது. எனக்கும் பின்னால் நீட்டியது.

"இந்தா நிக்கிறானே யோகன், இவன்தான் ஒன் மொகத்தக் காட்டினவன்."

சின்னம்மா கைகூப்பி அவனை வாழ்த்தியது. அவன் பிள்ளைகளை வாழ்த்தியது. நான் யார் என்று கேட்கும்போது கரண்ட் போய்விட்டது.

இப்போது அம்மாவும் இல்லை, சின்னம்மாவும் இல்லை. சின்னம்மா பேத்திகள் பஸ்ஸில் போகிறபோதுகூட முகம் காட்டுகிறார்கள். நான் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கிறேன். அதற்காக யாரும் புதுச் சேலை கட்டுவதில்லை. லைனில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. யோகனும் மகனோடு கோயமுத்தூர் போய்விட்டான். அங்கே துணி அரை நாளில் காய்கிறதாம். அதற்கும் பொறாமைதான்... ஆனால் பொறாமைப்பட அவன் பக்கத்தில் இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

போன வாரம் வீடியோவில் வந்தான், மொட்டை மாடியைக் காட்ட. எங்கள் வீட்டிலும் இப்போது ஃபைபர் வந்துவிட்டது, உன் வீட்டைவிட வேகம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் முகம் அப்படியே நின்றுவிட்டது.

பின்பக்கம் போய்ப் பார்த்தேன். வயர் கீழே கிடந்தது. அதன் மேல் என் ஜெர்கின் கிடந்தது.

இன்னும் காயவில்லை.